இருமுறை பொருத்தப்பட்ட அன்னை

1978 மே 16 ஆம் நாள் இரவு. பிரேசில் நாட்டு அபரெசிடா நகரின் பழைய பேராலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. அப்போது ஓர் இளைஞன் பீடத்தை நோக்கிப் பாய்ந்தான். கண்ணாடியை உடைத்து, உள்ளிருந்த மாதா சுரூபத்தைப் பறித்தெடுத்தான். அவனைப் பிடிக்க முயன்ற இழுபறியில் சுரூபம் தரையில் விழுந்து நொறுங்கியது. ஏறத்தாழ 36 செ.மீ. உயரமே உடைய சுடுமண் உருவம் அது. இருநூறு அளவிலான துண்டுகளாகவும், துண்டென்று சொல்லவியலாத பொடியாகவும் அது சிதறிக் கிடந்தது. 1930இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் பிரேசிலின் பாதுகாவலியாக அறிவித்த அன்னையின் உருவம் அது என்பதை நினைத்தால், அவ்விரவின் துயரம் ஓரளவு நமக்கு விளங்கும்.

ஆனால் இச்சுரூபத்தின் வரலாறே உடைவில்தான் தொடங்குகிறது. 1717இல் அவ்வழியே வந்த ஆளுநருக்கு விருந்தளிக்க மீன் தேவைப்பட்டது. பரைபா ஆற்றில் வலை வீசிய மூன்று மீனவர்களுக்கு முதலில் கிடைத்தது தலையற்ற ஓர் உடல். மறுபடி வீசிய வலையில் தலை வந்தது. அதன் பின்னரே மீன் குவிந்தது என்பது மரபு. 'தோன்றியவள்' என்னும் பொருளில் அபரெசிடா என்ற பெயர் வந்தது. தலையையும் உடலையும் மெழுகால் பொருத்தி, மீனவர் குடும்பமொன்று தன் வீட்டிலேயே வைத்து வணங்கியது. ஆலயமும் முடியும் ஆடையும் பின்னர் வந்தவை. முதல் வழிபாட்டுச் செயல் ஒட்டுதலே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இங்கே ஒரு வினா எழுகிறது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அது குறிக்கும் மூலத்தையே சேர்கிறது என்று 1563இல் திரெந்து சங்கம் தெளிவுபடுத்தியது. அவ்வாறாயின் புதிதாக ஒரு படி செய்து பீடத்தில் வைத்தால் போதாதா? பொடியை ஏன் பொறுக்க வேண்டும்? கோட்பாட்டளவில் இவ்வினாவுக்கு மறுப்புக் கூறுவது கடினம். ஆயினும் பக்தி வேறொரு கணக்கை அறியும். தலைமுறை தலைமுறையாக மன்றாட்டுகள் வந்து சேர்ந்தது இந்த மண்ணின் முன்புதான். தாயின் படம் கிழிந்தால், வேறொரு பெண்ணின் படத்தை மாட்டி நாம் ஆறுதல் அடைவதில்லை.

1972இல் வத்திக்கானில் மைக்கலாஞ்சலோவின் பியத்தா சிலை சுத்தியலால் தாக்கப்பட்டபோது, அதன் சீரமைப்பை வழிநடத்தியவர் பிரேசிலில் பிறந்த தெயோக்ளேசியோ ரெடிக் டி காம்போஸ். அபரெசிடா குருக்கள் அவரிடமே ஆலோசனை கேட்டனர். சாவோ பாவுலோ கலை அருங்காட்சியகத்திலேயே இப்பணி இயலும் என்று அவர் வழிகாட்டினார். அங்கே பணியை ஏற்றவர் மரியா எலெனா சார்த்தூனி என்னும் ஓவியர். 33 நாட்கள் அவர் துண்டுகளை இனங்கண்டு, ஒட்டி, பொடியாகிப்போன இடங்களை நிரப்பினார்.

இப்பணியில் கைத்திறனினும் நுட்பமானது அடக்கம். அச்சுரூபம் ஆதியில் வண்ணம் பூசப்பெற்றது. ஆற்றுச் சேறும் ஆண்டுக்கணக்கான மெழுகுத்திரிப் புகையுமே அதைக் கருமையாக்கின என்பர். கலை வரலாற்றாளர் ஒருவருக்குப் பழைய வண்ணத்தை மீட்கும் ஆசை தோன்றியிருக்கலாம். ஆனால் மக்கள் அறிந்த அன்னை கரிய அன்னை. அடிமை முறை நிலவிய நாட்டில் கறுப்பின மக்கள் தம் நிறத்தைக் கண்ட அன்னை. அக்கருமையோடுதான் சுரூபம் திரும்பியது. சிற்பியின் நோக்கத்தினும் வணங்கியோரின் நினைவு மூத்ததாக மதிக்கப்பட்டது.

1978 ஆகஸ்டு 19 அன்று தீயணைப்பு வண்டியின் மேல் வைத்து அன்னையைக் கொண்டுசென்றனர். நெடுஞ்சாலை முழுவதும் மக்கள் திரண்டு நின்றனர். வேலையைத் தொடங்கியபோது சமயத்திலிருந்து விலகியிருந்தவர் சார்த்தூனி. முடித்தபோது அவர் அந்நிலையில் இல்லை. பின்னாளில் தாம் எழுதிய நூலுக்கு, இரு சீரமைப்புகளின் கதை என்று பொருள்படும் தலைப்பையே இட்டார். ஒன்று சுரூபத்துடையது, மற்றொன்று அவருடையது.

மெழுகால் ஒட்டிய மீனவர் வீட்டாருக்கும், ஆய்வுக்கூடத்தில் ஒட்டிய ஓவியருக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் இடைவெளி. செய்த செயல் ஒன்றே. உடைந்தது என்பதற்காக அவ்விருவரும் அன்னையைக் கைவிடவில்லை.