மறுமொழி கூறும் சுவிட்சுகள்

கம்பியின் துணையின்றி ஒரு பொருளைத் தொலைவிலிருந்து இயக்கலாம் என்பதை 1898ஆம் ஆண்டிலேயே நிகோலா டெஸ்லா மெய்ப்பித்துக் காட்டினார். நியூயார்க் நகரில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகை அவர் வானொலி அலைகளால் செலுத்தினார். படகு கட்டளைக்குப் பணிந்ததைக் கூடியிருந்தோர் கண்ணால் கண்டனர். ஆனால், பூட்டிய அறையிலுள்ள விளக்குக்குக் கட்டளையிட்டால், அது நிறைவேறியதை எவ்வாறு அறிவது? வீட்டுத் தானியக்கத்தின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வினாவுக்கு விடை தேடியதே எனலாம்.

ஸ்காட்லாந்தின் கிளென்ரோத்ஸ் நகரிலிருந்த பைக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் எக்ஸ்-10 என்னும் முறையை உருவாக்கியது. இதில் வீட்டின் மின்கம்பிகளே செய்தியைச் சுமந்தன. மாறுமின்னழுத்தம் சுழியைக் கடக்கும் கணத்தில் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகள் அனுப்பப்பட்டன. 16 வீட்டுக் குறிகளும் 16 கருவிக் குறிகளும் சேர்ந்து 256 முகவரிகள் கிடைத்தன. ஆயினும், தொடக்க காலக் கருவிகள் கட்டளையைக் கேட்டனவேயன்றி மறுமொழி கூறவில்லை. கம்பியில் எழும் இரைச்சலில் கட்டளை தொலைந்தால், அனுப்பியவருக்கு அது தெரியாது.

பின்னர் ஐரோப்பாவில், 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் மலிவான சுவிட்சுகளும் உணர்விகளும் பரவின. கம்பி போயிற்று, குறை போகவில்லை. இவற்றுள் பெரும்பாலான உணர்விகள் பேசும், கேளா; சுவிட்சுகள் கேட்கும், பேசா. கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையில் செருகப்படும் அனுப்பி-ஏற்பி இரண்டோடும் தொடர்பு கொள்ளும். எனினும், ஊமைச் சுவிட்சைப் பேசவைக்க அதனாலும் இயலாது.

1999இல் கோபன்ஹேகனில் தொடங்கப்பட்ட ஜென்சிஸ் நிறுவனத்தின் இசட்-வேவ் முறை இக்குறையைத் தீர்த்தது. கட்டளையைப் பெற்ற கருவி ஒப்புகை அனுப்புகிறது. ஒப்புகை வராவிடில் கட்டளை மீண்டும் செல்கிறது. தொலைவிலுள்ள கருவிக்கு, இடையிலுள்ள கருவிகள் செய்தியைக் கைமாற்றித் தருகின்றன. ஜிக்பீ முறையும் இத்தகையதே.

யு.எஸ்.பி. கருவியைத் தேர்ந்தெடுப்போருக்கு இவ்வரலாறு வழிகாட்டுகிறது. முதலில் சுவிட்சின் முறையும் கருவியின் முறையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அடுத்தது அதிர்வெண். இசட்-வேவ் அமெரிக்காவில் 908.42, ஐரோப்பாவில் 868.42, இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. அமெரிக்கக் கருவி நம் நாட்டுச் சுவிட்சுடன் பேசாது. ஜிக்பீ பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையோ உலகெங்கும் பொதுவானது. மூன்றாவது, சுவிட்சு தன் நிலையைத் திருப்பித் தெரிவிக்குமா என்பது. விளக்கு அணையாவிட்டால் மின்சாரம் வீணாகும், அவ்வளவே. நீர் சூடேற்றும் கருவி அணையாவிட்டால் தீ விபத்தே நேரலாம். அங்கே மறுமொழி கூறாத சுவிட்சை நம்புதல் தகாது.