எந்த ஆரணி?

புதுவாயல் கூட்டுரோட்டில் நின்று, "ஆரணிக்கு எப்படிப் போவது?" என்று கேட்டுப் பாருங்கள். மேற்கே திரும்பும் பெரியபாளையம் சாலையைக் காட்டுவார்கள். அதே கேள்வியை வேலூரில் கேட்டால், பட்டு நெசவுக்குப் பேர்போன ஆரணிக்கு வழி சொல்வார்கள். இருவர் சொல்வதும் சரிதான். பெயர் ஒன்று, ஊர் இரண்டு. எது என்பதை நாம் நிற்கும் இடம் தீர்மானிக்கிறது.

பேச்சுக்கு இது போதும், எழுத்துக்குப் போதாது. 1751-ல் கிளைவ் வென்ற ஆரணிச் சண்டையைப் பற்றிப் படிக்கிற புதுவாயல் பையன், "நம்ம ஆரணியிலேதான்!" என்று மார்தட்டினால் அவனைக் கோபித்து என்ன பயன்? சண்டை நடந்தது பட்டு ஆரணியில். புத்தகம் அதைச் சொல்லாமல் விட்டால், பையன் பக்கத்தில் இருப்பதைத்தானே எடுத்துக்கொள்வான்?

சோழர் காலத்துச் சாசனங்கள் இந்த விஷயத்தில் வெகு ஜாக்கிரதை. முதலாம் ராஜராஜன் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் கிராமத்தை வழங்கினான். சாசனம் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடவில்லை. க்ஷத்திரிய சிகாமணி வளநாடு, அதற்குள் பட்டனக் கூற்றம், அதற்குள் ஆனைமங்கலம் என்று படிப்படியாக இறங்கி வருகிறது. அந்தச் செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரம் வரை போய்ச் சேர்ந்தன. கடல் கடந்தும் ஊரின் அடையாளம் கெடவில்லை.

இன்று நிலக் கணக்கும் சம்பளக் கணக்கும் கம்ப்யூட்டர் அட்டவணைகளில் இருக்கின்றன. அங்கேயும் இதே தகராறுதான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 2002-ல் 'ஸ்கீமா' என்ற பிரிவு வந்தது. ஸ்கீமாவைக் கூற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கூற்றங்களில் ஒரே பெயருள்ள அட்டவணைகள் இருக்கலாம். கூற்றத்தையும் சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லை. வெறும் பெயரைச் சொன்னாலோ, இயந்திரம் தன்னிடமுள்ள தேடும் வரிசைப்படி ஒவ்வொரு ஸ்கீமாவாகப் பார்த்துக்கொண்டு போகும். முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொள்ளும். "இன்னொன்றும் இருக்கிறதே, எது வேண்டும்?" என்று கேட்காது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'சம்பளம்' என்ற பெயரில் நிஜ அட்டவணை ஒன்று, ஒத்திகைக்கு ஒன்று. ஒத்திகையை அழிப்பதாக எண்ணிக் குமாஸ்தா உத்தரவு போடுகிறார். வரிசையில் நிஜம் முன்னால் நின்றால் அழிவது அதுதான். எச்சரிக்கை ஒன்றும் வராது. உத்தரவுதான் ஒழுங்காக நிறைவேறிவிட்டதே!

சூதுக்கும் இதில் இடம் இருந்தது. 'பப்ளிக்' என்ற ஸ்கீமா புறம்போக்கு நிலம் மாதிரி. உள்ளே வந்தவர் எவரும் குடிசை போடலாம். அடிக்கடி வழங்கும் ஒரு பெயரில் தம்முடைய புரோகிராமை ஒருவர் அங்கே நட்டுவைத்தால், மேலதிகாரி அறியாமலே அதைத் தம் அதிகாரத்தோடு இயக்கிவிட நேரலாம். 2018-ல் இதைக் குறித்து எச்சரித்தார்கள். 2022-ல் வந்த 15-ம் பதிப்பிலிருந்து, புதிதாக அமைக்கும் டேட்டாபேஸ்களில் அந்தப் புறம்போக்குக்கு வேலி போட்டாயிற்று.

முழுப் பெயரும் சாசுவதமல்ல என்பது வேறு விஷயம். பட்டு ஆரணி 1989-ல் வட ஆற்காட்டை விட்டுத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போயிற்று. புதுவாயல் பக்கத்து ஆரணி, பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது, 1997-ல் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்தது. ஆகவே பழைய பத்திரத்தைப் படிப்பவருக்கு ஜில்லா மட்டும் போதாது, வருஷமும் வேண்டும். சோழ மன்னர்களின் சாசனங்களில் ஆட்சியாண்டைப் பொறித்திருப்பதை, அரசனின் பெருமைக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று விளக்கம் கேட்க முடியாதவனுக்கு அது ஒரு பெரிய உபகாரம்.