விசுவாசம் வந்த இடத்தில் முன்பு இருந்த சொல்: 1953ஆம் ஆண்டுச் செவிலியர் அறநெறியின் ஏழாம் விதி

சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953 ஜூலையில் சாவோ பாலோவில் ஏற்ற அறநெறித் தொகுப்பில் ஏழாவது விதி ஒற்றை வாக்கியம்தான். மருத்துவரின் உத்தரவுகளை அறிவோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றவும், அறத்துக்குப் புறம்பான செயல்முறைகளில் பங்கேற்க மறுக்கவும் செவிலியர் கடமைப்பட்டவர் என்பது அதன் சாரம். செவிலியர் அறவியலின் வரலாற்றை எழுதியவர்கள் இந்த வாக்கியத்தை எல்லைக்கல்லாக நட்டுவைத்திருக்கிறார்கள். அதுவரை கீழ்ப்படிதல், 1973இல் மெக்சிகோ நகரத் திருத்தத்தில் மருத்துவரின் உத்தரவு பற்றிய பேச்சே நீங்கி, முதற்பொறுப்பு பராமரிப்பு தேவைப்படுவோரிடம் என்று ஆன பிறகு தன்னுரிமை. பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட இந்த வாசிப்பை முற்றாகத் தள்ள நான் முயலவில்லை. ஆனால் விதி எதை இழந்தது, எப்போது இழந்தது என்ற இரண்டு கேள்விகளிலும் அது இடம் மாறித் தேடுகிறது என்பது என் துணிபு.

முதலில் இலக்கணம். மூல வாக்கியத்தில் பயனிலை ஒன்று: கடமைப்பட்டவர். அதைச் சார்ந்து நிற்கும் வினைகள் இரண்டு: நிறைவேற்றுதல், மறுத்தல். இரண்டையும் நம் எண்ணும்மை போன்ற ஓர் இணைப்புச்சொல்தான் கோக்கிறது. நடுவில் ‘ஆனால்’ இல்லை, ‘எனினும்’ இல்லை. ஆகவே மறுப்பு இங்கே சலுகை அன்று, உரிமைகூட அன்று. நிறைவேற்றுவதற்குச் சமமான எடையுள்ள கடமை. இதைக் கீழ்ப்படிதல் விதி என்று பெயரிடுபவர்கள் வாக்கியத்தின் முதல் பாதியோடு வாசிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள்.

இத்துடன் நானும் நிறுத்திக்கொண்டால் 1953க்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். விதியில் குறை இருக்கத்தான் செய்கிறது. அதைக் காண மூன்று ஆண்டுகள் பின்னே போகவேண்டும்.

1950இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் ஏற்ற 17 விதிகளில் இதே வாக்கியத்தின் உடன்பிறப்பு உண்டு. அங்கே வினைகள் மூன்று: உத்தரவை அறிவோடு நிறைவேற்றுவது, தவறான புரிதலோ பிழையோ நேராதபடி உத்தரவைச் சரிபார்ப்பது, அறமற்ற செயல்முறையில் பங்கேற்க மறுப்பது. ‘விசுவாசத்தோடு’ என்ற சொல் அங்கே இல்லை. இரண்டு வாக்கியங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நடு வினை உதிர்ந்திருப்பதும், அந்த இடத்தருகே ஒரு வினையடை முளைத்திருப்பதும் தெரிகிறது. சாவோ பாலோ வாசகத்தை வரைந்தவர்கள் அமெரிக்க வாசகத்தை மேசையில் விரித்துவைத்து ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பல நாட்டுச் சங்கங்களுக்கும் பொருந்தவேண்டிய வாசகம் சுருங்குவது இயல்பு. அவர்கள் மனத்தில் என்ன இருந்தது என்பது என் கேள்வி அன்று. வாசகத்தில் எது எஞ்சியது என்பதே கேள்வி. எஞ்சியவை இரண்டு கோடிகள்: செய், அல்லது மறு. இடையில் கேட்பதற்கு வினை இல்லை.

‘அறிவோடு’ என்ற சொல்லுக்குள் சரிபார்த்தலும் அடங்கிவிடும் என்று ஒருவர் வாதிடலாம். அடங்காது. 1950இன் வாக்கியத்தில் ‘அறிவோடு’ இருந்தும் ‘சரிபார்த்து’ தனியே இருக்கிறது. ஒன்றுக்குள் மற்றது அடங்குமானால் 1950இல் ஒரே பொருளை இருமுறை எழுதினார்கள் என்றாகும். சட்டமொழியில் எழுதப்பட்ட ஒரு வாக்கியத்தைப் பற்றி அப்படிக் கருதக் காரணம் வேண்டும்.

இதைவிட வலுவான தடை ஒன்று இருக்கிறது. 1950இன் ‘சரிபார்த்தல்’ வெறும் காதுப் பிழையைத் தவிர்க்கச் சொன்னதுதானே? மருத்துவர் 2 என்றதை 20 என்று கேட்டுவிடாதே என்பதற்கு மேல் அதில் என்ன அறம் இருக்கிறது? இந்தத் தடையை எளிதில் ஒதுக்க முடியவில்லை. ஆனால் வாசகம் ‘தவறான புரிதல்’ என்பதோடு நிற்காமல் ‘பிழை’ என்பதையும் சேர்க்கிறது. புரிதல் கேட்பவரிடம் இருப்பது. பிழை சொன்னவரிடமும் இருக்கலாம், எழுதிய தாளிலும் இருக்கலாம். அதோடு, சரிபார்ப்புக்கு உட்படும் பொருளாக வாசகம் சொல்வது உத்தரவை. செவிலியரின் செவியை அன்று. அகன்ற பொருளுக்கு இடம் தரும் சொற்களைக் குறுகிய பொருளில் பூட்டுவதற்கு வாசகத்துக்கு வெளியே சான்று வேண்டும். அது வரும்வரை அகன்ற வாசிப்பையே கொள்கிறேன்.

இந்த நடு வினை இல்லாத வார்டு எப்படி இருக்கும் என்பதற்கு, எதிர்த்தரப்பு அடிக்கடி கையில் எடுக்கும் சான்றையே நானும் எடுக்கிறேன். 1966இல் சார்ல்ஸ் ஹாஃப்லிங் குழுவினர் வெளியிட்ட ஆய்வு துறையினருக்கு மனப்பாடம். வார்டில் தொலைபேசி மணி அடிக்கிறது. முன்பின் அறியாத ‘டாக்டர் ஸ்மித்’ ஒரு நோயாளிக்கு ஆஸ்ட்ரோட்டென் 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். சற்று நேரத்தில் வந்து கையெழுத்திடுவதாகச் சொல்கிறார். மருந்துப் பெட்டியின் லேபிளில் வழக்கமான அளவு 5, ஒரு நாளின் உச்ச அளவு 10 என்று அச்சிட்டிருக்கிறது. ஃபோனில் ஆர்டர் வாங்குவது மருத்துவமனை விதிக்கு மாறு. மருந்தோ வார்டின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலிலேயே இல்லை. 22 செவிலியரில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியை நோக்கி நடந்தார்கள், ஆய்வுக் குழுவினர் அவர்களை இடைமறித்து நிறுத்தினார்கள். பெட்டியில் இருந்தது தீங்கற்ற குளுக்கோஸ். இதே சூழலை விவரித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று வேறு 12 செவிலியரிடம் கேட்டபோது 10 பேரும், 21 மாணவியரிடம் கேட்டபோது 21 பேரும் கொடுக்கமாட்டோம் என்றார்கள்.

கீழ்ப்படிதல் அறநெறி விளைத்த பயிர் இது என்பது வழக்கமான முடிவு. நான் நிறுத்திப் பார்ப்பது மேற்கோள்களில் எப்போதாவது தலைகாட்டும் ஒரு விவரத்தில். மருந்தை எடுத்துச் சென்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மட்டுமே லேபிளின் அளவைக் கவனித்ததாகப் பின்னர் சொன்னார்கள். மீதிப்பேருக்கு அடக்கிக்கொள்ள ஓர் ஐயமே எழவில்லை. ஐயமே இல்லாதவரைப் பார்த்து ‘கீழ்ப்படிந்தார்’ என்பது சொல்லைத் தளர்த்திப் பயன்படுத்துவது. அவரிடம் தவறியது சரிபார்த்தல். கவனித்த பாதியினரிடம் தவறியது வேறு: கவனித்ததை வாய்விட்டுக் கேட்பதற்கான ஒரு கடமைச்சொல்.

1977இல் ராங்க், ஜேக்கப்சன் இருவரும் சூழலைச் சற்று மாற்றினார்கள். செவிலியர் அறிந்த மருந்தான வேலியம், ஆனால் மிகையளவில். அழைத்தவர் பெயர் அதே மருத்துவமனையில் பழக்கமான பெயர். அருகில் இருப்பவர்களோடு பேசிக்கொள்ளத் தடையில்லை. 18 பேரில் 2 பேர் மட்டுமே கொடுக்கத் தயாரானார்கள். இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் தன்னுரிமை வளர்ந்துவிட்டது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. காலம் மாறியது உண்மை. ஆனால் ஆய்வின் அமைப்பிலேயே மாறியது, மருந்தைத் தெரிந்திருந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க முடிந்ததும். இரண்டும் சரிபார்த்தலின் கருவிகள். குணம் மாறியது என்று சொல்வதற்குமுன் வழி திறந்தது என்பதைக் கணக்கில் கொள்ளவேண்டும். அறிமுகமற்ற மருந்தைக் கொண்டு நடத்திய முதல் ஆய்வு செயற்கையானது என்ற விமரிசனம் என் வாதத்தைத் தொடவில்லை. அறியாத மருந்துக்குத்தான் சரிபார்ப்பு கூடுதலாக வேண்டும்.

மறுத்தல் என்ற வினை எந்த அளவுக் கொடுமைக்காக வைக்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சர்வதேசத் தொகுப்பு ஃபிராங்ஃபர்ட்டில் திருத்தப்பட்ட 1965ஆம் ஆண்டில்தான், நாஜி ஜெர்மனியின் மெசெரிட்ஸ்-ஓப்ராவால்டே மனநல நிலையத்தில் போர்க்காலத்தில் நடந்த நோயாளிக் கொலைகளுக்காக 14 செவிலியர் மியூனிக்கில் விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்றார்கள். ஏழாம் விதி அத்திருத்தத்தில் மாறாமல் நின்றது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் காரணத்தொடர்பு கற்பிக்க எனக்கு ஆதாரமில்லை. ஆனால் அந்த நிலையத்தில் கொல்லும் கருவி மிகையளவு மருந்துதான். அங்கே உத்தரவைச் சரிபார்த்திருந்தால், உத்தரவிட்டவர் நினைத்த அளவு அதுவே என்ற பதில்தான் வந்திருக்கும். அங்கே வேண்டியது மறுப்பு மட்டுமே. ஹாஃப்லிங்கின் வார்டில் வேண்டியது ஒரு கேள்வி மட்டுமே. இரண்டு வேறு தீமைகளுக்கு இரண்டு வேறு வினைகள் வேண்டும். 1953 ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தவறவிட்டது. இரவுப் பணியில் ஒற்றை ஆளாக நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ், கேஸ் ஷீட்டில் ஒரு சுழி கூடுதலாகத் தெரிவதைப் பார்த்து, ‘இது அறமற்ற செயல்முறை, பங்கேற்க மறுக்கிறேன்’ என்று டியூட்டி டாக்டரிடம் சொல்வாரா? ‘சார், இந்த டோஸை ஒருதரம் பார்த்துச் சொல்லுங்க’ என்பார். அந்த எளிய வாக்கியத்துக்குத்தான் விதியில் இடமில்லாமல் போனது.

எட்டாம் விதியையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். மருத்துவர்மீதும் குழுவினர்மீதும் உள்ள நம்பிக்கையைப் பேணவேண்டும். உடன் பணிபுரிவோரின் திறமையின்மையையோ முறைகேட்டையோ வெளிப்படுத்தவேண்டும், ஆனால் உரிய அதிகாரியிடம் மட்டும். வாயை அடைக்கும் விதி என்று இதைத் தள்ளுவது வழக்கம். தமிழ் படித்தவருக்கு இதில் அவ்வளவு அந்நியம் தோன்றாது. நாம் இத்தொழிலுக்குச் சூட்டிய பெயரே அகப்பாட்டின் செவிலியிடமிருந்து வந்தது. அங்கே அறத்தொடு நிற்றல் என்பது மறைந்திருக்கும் உண்மையைத் தக்க நேரத்தில் தக்கவரிடம் வெளிப்படுத்துவது: தலைவி தோழிக்கு, தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு. ஒழுங்கான படிநிலையில் சொல்வது ஒளிப்பதாகாது. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கமாட்டேன். அகத்தின் படிநிலையில் இருப்பவர்கள் அனைவரும் தலைவியின் நலம் நாடுபவர்கள், மருத்துவமனையின் படிநிலை பற்றி அப்படி உறுதி கூற முடியாது. 2009இல் டெக்சாஸின் விங்க்ளர் மாவட்டத்தில் ஒரு மருத்துவரைப் பற்றி மாநில மருத்துவ வாரியத்துக்கு, அதாவது மிகச் சரியான அதிகாரியிடம், பெயரிடாமல் எழுதிய இரண்டு செவிலியர்மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டது. ஒருவர்மீதான வழக்கு விசாரணைக்குமுன் கைவிடப்பட, மற்றவரை 2010இல் ஜூரி விடுவித்தது.

இனி 1973. ஏழாம் விதி மொத்தமாக நீங்கியது. பராமரிப்புப் பெறுபவர் சக ஊழியராலோ வேறெவராலோ ஆபத்துக்குள்ளாகும்போது அவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என்ற வாசகம் வந்தது. இது முன்னேற்றம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நோயாளி வாக்கியத்தின் நடுவுக்கு வந்தார். ஆனால் ‘விசுவாசம்’ போனபோது அதே வாக்கியத்தில் இருந்த ‘மறுக்கக் கடமைப்பட்டவர்’ என்பதும் கூடப் போயிற்று. ‘தக்க நடவடிக்கை’ என்பது எதுவும் ஆகலாம். மேலும் அது ஆபத்து ஏற்பட்ட பின்னரே விழித்துக்கொள்ளும் சொல். உத்தரவு வாயிலிருந்து காதுக்கு வரும் கணத்தில் அதற்கு வேலை இல்லை. கீழ்ப்படிதலிலிருந்து விடுதலை என்று கொண்டாடப்படும் திருத்தம், 1950 கொடுத்த கேட்கும் கடமையை மீட்கவில்லை, 1953 கொடுத்த மறுக்கும் கடமையையும் எடுத்துக்கொண்டது.

இரண்டும் பின்னர் திரும்பி வந்தன, உருமாறி. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில் செவிலியர் மனச்சாட்சியின்பேரில் குறிப்பிட்ட செயல்முறைகளில் பங்கேற்க மறுக்கலாம் என்று இருக்கிறது. 1953இல் ‘வேண்டும்’ என்றிருந்தது 2021இல் ‘லாம்’ ஆயிற்று. முன்பு செயலின் அறமின்மை மறுப்பைக் கோரியது. இப்போது செவிலியரின் மனச்சாட்சி அதை வேண்டுகிறது. முன்னதில் மறுக்காதவர் விதியை மீறியவர். பின்னதில் மறுக்காதவர் எதையும் மீறவில்லை.

சரிபார்த்தலோ அறநெறித் தொகுப்புக்குள் வராமல் நடைமுறைக் கையேட்டுக்குள் குடிபுகுந்தது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம் 2003இலிருந்து நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில் ஒன்றாக, வாய்மொழி உத்தரவையும் தொலைபேசி உத்தரவையும் பெற்றவர் எழுதி, அதைத் திரும்பப் படித்துக்காட்டி உறுதிசெய்யக் கோரியது. ரீட் பேக் என்று வார்டுகளில் அதற்குப் பெயர். நல்ல வழக்கம், பல பிழைகளைத் தடுக்கக்கூடியது. ஆனால் 1950இன் வினையில் நான் பிரித்துக்காட்டிய இரண்டு பொருள்களில் குறுகிய பொருள் மட்டுமே இதில் வந்து சேர்ந்திருக்கிறது. ஹாஃப்லிங்கின் வார்டில் ரீட் பேக் இருந்ததாக வைத்துக்கொள்வோம். மறுமுனை ‘ஆஸ்ட்ரோட்டென் 20 மில்லிகிராம்’ என்கிறது. செவிலியர் எழுதிக்கொண்டு, ‘ஆஸ்ட்ரோட்டென் 20 மில்லிகிராம்’ என்று படித்துக்காட்டுகிறார். ‘ஆமாம்’ என்று வைத்துவிடுகிறார் டாக்டர் ஸ்மித். கேட்டது சரி, எழுதியது சரி, நடைமுறை முழுமை. கையிலிருக்கும் பெட்டியின் லேபிளில் உச்ச அளவு 10 என்றே இருக்கிறது.