கோவையில் ஜெயித்த சென்னை: 2018-19 ஐ-லீக் சீசன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

உலகக்கோப்பை வரும்போதெல்லாம் "தமிழ்நாட்டுக்கும் கால்பந்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். மதுரையில் இந்தக் கேள்வி இன்னும் சுலபமாக வரும். எங்கள் கோச்சடைப் பக்கம் சாயங்காலம் ஒரு காலி மனை கிடைத்தால் மூன்று குச்சி நட்டு கிரிக்கெட்தான் ஆடுவார்கள். அவர்களிடம் நான் ஒரு விஷயம் சொல்வேன். 2019-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி ஆண்களுக்கான ஐ-லீக் பட்டத்தைத் தமிழ்நாட்டு அணி ஒன்று வாங்கியது. அதே ஆண்டு மே 22-ஆம் தேதி பெண்களுக்கான தேசிய லீக் பட்டத்தை இன்னொரு தமிழ்நாட்டு அணி வாங்கியது. இரண்டுக்கும் நடுவே 74 நாள். சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு அணிகளில் ஒன்று இன்று தேசிய லீக்கிலேயே இல்லை.

அந்த அணியின் கதைதான் இது. பெயர் சென்னை சிட்டி எஃப்.சி.

முதலில் கொஞ்சம் பின்னணி. இந்தியாவில் தேசிய அளவில் கிளப்புகளுக்கான லீக் 1996-இல்தான் தொடங்கியது. அதன் பெயர் தேசிய கால்பந்து லீக். முதல் பட்டம் பஞ்சாபின் ஜே.சி.டி. அணிக்கு. 2007-இல் அது ஐ-லீக் ஆனது. பட்டங்கள் பெரும்பாலும் கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும்தான் போயின. நம் பக்கத்திலிருந்து 2000-களின் தொடக்கத்தில் இந்தியன் வங்கி அணி அந்த லீக்கில் ஆடியது. பிறகு கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அந்த லீக்கில் தமிழ்நாட்டுக்கு இடமே இல்லை.

இடம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? நம் ஊர்ப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பிழைப்புக்கு வெளியூர் போக வேண்டும் என்று அர்த்தம். ராமன் விஜயன் நம் மாநிலத்துக்காரர். 1997-98 சீசனில் தேசிய லீக்கிலேயே அதிக கோல் போட்டவர். ஆனால் அதை அவர் கொச்சி அணிக்காகப் போட்டார். அவர் பெயர் கொல்கத்தாவில் தெரிந்த அளவுக்கு மதுரையில் தெரியாது.

2014-இல் ஐ.எஸ்.எல். வந்தது. பெரிய முதலாளிகள், சினிமா நட்சத்திரங்கள், தினமும் டிவி. சென்னைக்கு அதில் சென்னையின் எஃப்.சி. என்ற அணி கிடைத்தது. அந்த அணி 2015-லும் 2017-18-லும் பட்டமும் வென்றது. ஆனால் ஆசிய சாம்பியன்ஸ் லீக்குக்கு இந்தியாவிலிருந்து போகும் வழி அப்போதும் ஐ-லீக் சாம்பியனுக்குத்தான் இருந்தது. ஆக ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மேல்மட்ட லீக். ஒன்றில் வெளிச்சம் இருந்தது. இன்னொன்றில் பழைய பெயரும் ஆசியாவுக்கான வழியும் இருந்தன.

சென்னை சீனியர் டிவிஷன் லீக்கில் ஆடிவந்த சென்னை சிட்டி, 2016-17 சீசனில் ஐ-லீக்குக்குள் வந்தது. அதே சீசனில் பஞ்சாபிலிருந்து மினர்வாவும் வந்தது. இந்த மினர்வாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும். சென்னை நேரு ஸ்டேடியம் ஐ.எஸ்.எல். அணியின் சொந்த மைதானமாக இருந்தது. சென்னை சிட்டி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துக்குப் போனது. பெயரில் சென்னை, ஆடுவது கோவையில்.

முதல் இரண்டு சீசனிலும் பத்து அணிகளில் எட்டாவது இடம். இரண்டு முறையும் இறங்காமல் தப்பித்ததே பெரிய காரியம். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் வேறொன்று நடந்தது. கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், நந்தகுமார் சேகர் போன்ற பையன்கள் இந்த அணியில் ஆடி, நாடு முழுக்கப் பார்க்கும் இடத்துக்கு வந்தார்கள். இருவருமே பிறகு ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். எட்டாவது இடத்தில் நிற்கும் அணியும் ஏணியாக இருக்க முடியும்.

இனி 2018-19. இந்த முறை பதினொரு அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற பத்து அணிகளுடன் சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று என்று இருபது ஆட்டம். வென்றால் 3 புள்ளி, சமனானால் 1. ஸ்ரீநகரிலிருந்து ரியல் காஷ்மீர் முதல் முறையாக வந்திருந்தது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கடைசியாக தேசிய லீக் வென்றது 2003-04-இல். பதினைந்து வருட ஏக்கத்தோடு அது களமிறங்கியது.

சென்னை சிட்டியின் பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். அணியின் உரிமையாளர் ரோஹித் ரமேஷ். ஸ்பெயினிலிருந்து ஆட்கள் வந்தார்கள்: முன்வரிசையில் உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி, அவருக்குப் பின்னால் நெஸ்டர் கோர்டில்லோவும் சான்ட்ரோவும், தடுப்பில் ராபர்ட்டோ எஸ்லாவா. நம் பக்கத்திலிருந்து எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ், மைக்கேல் ரெஜின், அஜித்குமார். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுகிற ஆட்டம் அல்ல. தரையோடு தரையாகப் பக்கத்து ஆளுக்குக் கொடுத்து, இடம் பார்த்து நுழைகிற ஆட்டம்.

அக்டோபர் 26, 2018. முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள். மான்சி மூன்று கோல். சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. லீக்கில் இருவரும் சேர்ந்து முதலிடம்.

இந்த சீசனின் திருப்பம் எது என்று கேட்டால் ஈஸ்ட் பெங்காலுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களைத்தான் சொல்வேன். கொல்கத்தாவில் 2-1. கோவையில் 2-1. இரண்டிலும் சென்னை சிட்டி ஜெயித்தது. நான் கணக்கு வாத்தியார், புள்ளி அட்டவணையைப் பார்த்தால் கூட்டிக் கழிக்காமல் இருக்க முடியாது. கடைசியில் சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்த இரண்டு ஆட்டத்தில் ஏதாவது ஒன்று சமனாக முடிந்திருந்தாலும் கோப்பை கொல்கத்தாவில் இருந்திருக்கும்.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று சென்னை சிட்டி தோற்றது. அன்றே முடிந்திருக்க வேண்டிய விஷயம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போனது. நிலவரம்: சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. மார்ச் 9 சாயங்காலம் இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா, அதாவது முந்தைய ஆண்டின் சாம்பியன். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. சென்னை சிட்டி ஜெயித்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. சமனாகி, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் எல்லாம் போச்சு.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வாவின் பிலாலா கோல் போட்டார். இடைவேளை வரை 0-1. இந்த நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் போட்டு அதைக் காப்பாற்றிக்கொண்டாலே பட்டம் அங்கே போயிருக்கும். இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. மான்சி அதை கோலாக்கினார். 1-1. அதற்குப் பிறகு கோல் போட்டது ஸ்பெயின்காரர் யாரும் இல்லை. கௌரவ் போரா என்ற இளம் தடுப்பாட்டக்காரர். ஒன்று போட்டார், ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்றும் போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரு கோல் பின்தங்கி, பிறகு மீண்டு 2-1 என்று ஜெயித்தது. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். அது போதவில்லை.

20 ஆட்டம், 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி. முந்தைய வருடம் எட்டாவது இடத்தில் இருந்த அணி முதலிடம். 2017-இல் மிசோரத்தின் ஐஸ்வால், 2018-இல் மினர்வா, 2019-இல் சென்னை சிட்டி. பணமும் பழம்பெருமையும் இல்லாத மூன்று அணிகள் வரிசையாகப் பட்டம் வாங்கிய காலம் அது. அடுத்து நடந்த சூப்பர் கோப்பையின் காலிறுதியில், அந்த ஆண்டின் ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூருவையும் சென்னை சிட்டி 2-1 என்று வென்றது. எந்த லீக் பெரியது என்ற வாதத்துக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

ஆனால் பதிலை யாரும் கேட்கவில்லை. 2019 அக்டோபரில் ஆசிய கால்பந்துக் கூட்டமைப்பு இந்தியாவுக்கான புதுப் பாதைக்கு ஒப்புதல் தந்தது. ஐ.எஸ்.எல். முதல் லீக், ஐ-லீக் அதற்குக் கீழே. சென்னை சிட்டி ஏறி வந்த படிக்கட்டு, ஏறி முடித்த ஏழாவது மாதம் ஒரு படி கீழே இறக்கி வைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் ஆரம்பச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் தோற்று வெளியேறினார்கள். ஐ-லீக் சாம்பியன் என்ற தகுதியில் அந்த வாசல் வரை போன கடைசி அணி அதுதான்.

அதற்குள் ஆட்களும் கலைந்தார்கள். எட்வின் சென்னையின் அணிக்கு, நெஸ்டர் ஹைதராபாத்துக்கு, மான்சி ஜப்பானுக்கு, அடுத்த ஆண்டு ரொமாரியோ கோவாவுக்கு. நல்ல சம்பளம் கிடைக்கும் இடத்துக்குப் போவதை யாரும் தப்பு சொல்லக் கூடாது. பிறகு கொரோனா. 2020-21 சீசன் முழுவதும் மேற்கு வங்கத்தில் ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. கோவை ரசிகருக்கு சொந்த ஊர் ஆட்டமே கிடையாது. அணி மேல் ஆறு இடத்துக்குள் வரவில்லை. அடுத்த சீசனுக்கான கிளப் உரிமத் தகுதியில் தேறாமல் ஐ-லீக்கிலிருந்தே வெளியே போனது. பட்டம் வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இப்போது அந்த இன்னொரு அணிக்கு வருகிறேன். சேது எஃப்.சி. நமக்குப் பக்கத்தில், காரியாபட்டி வட்டாரத்தில் உள்ள சேது பொறியியல் கல்லூரியைச் சார்ந்த பெண்கள் அணி. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கோல் மேல் கோலாகப் போட்டார். அப்போது பெண்கள் லீக் என்பது ஒரே ஊரில் சில வாரத்தில் முடிந்துவிடும் போட்டி. டிவி வெளிச்சம், விளம்பரம் எல்லாம் ஆண்கள் லீக்கைவிட எத்தனையோ மடங்கு குறைவு. ஆனால் 2022-இல் சேது இரண்டாமிடம் பிடித்தது. லீக் ஊர் ஊராக ஆடும் முறைக்கு மாறிய பிறகும், 2024-25 சீசனிலும், அது மேல்மட்டத்திலேயே ஆடியது.

ஒன்று ஏன் நின்றது, இன்னொன்று ஏன் நிற்கவில்லை? பெண்கள் அணிக்குச் செலவு குறைவு என்பது உண்மை. மேலே ஐ.எஸ்.எல். போன்ற ஒன்று வந்து அதை அமுக்கவில்லை என்பதும் உண்மை. அதோடு இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சேதுவுக்கு ஒரு வீடு இருக்கிறது. அணி தோற்றாலும் அடுத்த ஜூனில் கல்லூரி திறக்கும், மைதானம் அங்கேயே இருக்கும். சென்னை சிட்டிக்குப் பெயர் ஓர் ஊரில், ஆட்டம் வேறோர் ஊரில், மைதானம் வாடகைக்கு. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 2019 தொடக்கத்தில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. அதுகூட அணியைத் தாங்கிப் பிடிக்கவில்லை. ஒரு முதலாளியின் ஆசையில் கோப்பை வரை போகலாம். கோப்பைக்குப் பிறகும் நிற்க வேண்டுமென்றால் கீழே மண் வேண்டும்.

இழப்பு கோப்பைக்காரர்களுக்கு மட்டும் இல்லை. எட்டாவது இடத்தில் இருந்தபோதும் அந்த அணி ஏணியாக இருந்தது என்று சொன்னேன் அல்லவா? அதுதான் போனது. ஒன்பதாம் வகுப்பில் நன்றாக ஆடுகிற பையனின் அப்பா "இதை வைத்து என்ன சார் பண்ணுவான்?" என்று கேட்டால், கோவையைக் காட்டிப் பதில் சொல்ல முடிந்த ஐந்து வருடம் நமக்கு இருந்தது. பெண் குழந்தையின் அப்பா கேட்டால் இன்றும் காரியாபட்டியைக் காட்டலாம்.

நம் பள்ளிகளில் விளையாட்டுப் பீரியடைப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆசிரியர்களாக இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்த நாற்பது நிமிடத்தைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடுங்கள். 2019 மார்ச் 9 அன்று கோவை ஸ்டேடியத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அன்று பார்த்ததை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். இந்த மாதிரி சரித்திரத்தை நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.