சுடாமலே தேய்ந்த துப்பாக்கி

எங்கள் தாத்தா கைத்துப்பாக்கியைக் கையில் எடுத்தது வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான். அதுவும் சுடுவதற்கு இல்லை, ரிப்பேர் பார்க்க. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆலையில் அவர் ஃபிட்டர். எந்த வருஷம் என்று கேட்டால் "கர்னி துரையைச் சுட்டதுக்கு அப்புறம்" என்பார், அவ்வளவுதான். உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி ஃபிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டது 1951 அக்டோபர் 6. ஆகவே அந்தக் கடைசி மாதங்களோ அடுத்த வருஷமோ என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குத் துப்பாக்கி மட்டும்தான் கண்ணில் பட்டது. மெக்கானிக்கல் படித்து, ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, தேய்ந்த ஸ்பிரிங்கையும் பேரிங்கையும் தினமும் கழற்ற ஆரம்பித்த பிறகுதான் தாத்தா சொன்னதை முழுசாகக் கேட்கத் தோன்றியது. அதற்குள் அவர் இல்லை. நினைவில் இருப்பதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேமரன் மலையில் தேயிலை அப்போது புதுசு. ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கியது 1929-ல். தாப்பாவிலிருந்து மலைக்கு வரும் சாலை திறந்ததே முப்பதுகளின் தொடக்கத்தில்தான். காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, செடி நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். செடி வளர்ந்து ஆலை சூடு பிடிக்கிற நேரத்தில் ஜப்பான்காரன் வந்தான். அவன் போய் மூன்றே வருஷத்தில் அவசரகாலம். 1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18-ல் நாடு முழுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முடிய 1960 ஜூலை 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷம்!

அந்தப் பன்னிரண்டு வருஷமும் துரைமார் இடுப்பில் துப்பாக்கியோடுதான் மலையேறினார்கள். பங்களாவைச் சுற்றி முள்கம்பி, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். அந்தக் காவலர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். ராத்திரி துரையின் தலையணைக்கு அடியில் துப்பாக்கி இருக்கும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

தாத்தாவிடம் வந்தது ஒரு பிரவுனிங் 9 மில்லிமீட்டர். மேலே 'கனடா' என்று வெட்டியிருந்ததாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. ஜான் பிரவுனிங் தொடங்கிவைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலையில் சைவ் என்ற பொறியாளர் முடித்து, 1935-ல் வெளிவந்த துப்பாக்கி அது. பெல்ஜியம் ஜெர்மானியர் கைக்குப் போனதும் டொரன்டோவில் ஜான் இங்லிஸ் கம்பெனி அதைச் செய்தது. போர் முடிந்த பிறகு அதே கம்பெனி துணி துவைக்கும் மெஷின் செய்யப் போய்விட்டது. மேகசினில் 13 தோட்டா. அந்தக் காலத்துக்கு அது அதிகம்.

துரையின் புகார் சின்னதுதான். இரண்டு குண்டு ஒழுங்காகப் போகும், மூன்றாவது மாட்டிக்கொள்ளும். இதே புகாரை ஆலையில் வேறு உருவத்தில் நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். தானியங்கி இயந்திரம் எதுவாக இருந்தாலும் ஒரு பொருளைத் தூக்கி, தள்ளி, பிடித்து, வெளியே எறிய வேண்டும். அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி இந்த நாலு வேலையையும் கண் இமைப்பதற்குள் செய்கிறது. மேகசினில் உள்ள ஸ்பிரிங் தோட்டாவை மேலே தூக்குகிறது. ஸ்லைடு அதைக் குழலுக்குள் தள்ளுகிறது. சுட்டதும் எக்ஸ்ட்ராக்டர் என்கிற சின்னக் கொக்கி காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கிறது, இன்னொரு முனை அதை வெளியே தட்டுகிறது. தூக்கும் ஸ்பிரிங் களைத்துப்போனால் தோட்டா நேரத்துக்கு மேலே வராது. மேகசினின் வாய் விளிம்பு ஒரு மயிரளவு விரிந்தால் தோட்டா மூக்கைத் தவறான கோணத்தில் நீட்டும். கொக்கி தேய்ந்தாலோ அதன் பள்ளத்தில் அழுக்கு அடைத்தாலோ கூடு உள்ளேயே தங்கிவிடும். ஸ்லைடைத் திரும்ப முன்னால் கொண்டுவரும் ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு பாதி வழியில் நின்றுவிடும். பார்க்கிறவனுக்கு எல்லாமே 'மாட்டிக்கிச்சு' என்ற ஒரே புகார்தான்.

ஆனால் இவை பயிற்சித் திடலில் ஆயிரக்கணக்கில் சுட்டால் வரும் தேய்மானங்கள். மலைமேல் இருந்த துரை அப்படியெல்லாம் சுட்டதே கிடையாது. பின்னே எப்படித் தேய்ந்தது?

ஸ்பிரிங்கை அமுக்கியே வைத்திருந்தால் களைத்துப்போகும் என்று பலரும் சொல்வார்கள். நல்ல எஃகில் சரியாகச் செய்த ஸ்பிரிங் அமுங்கிக் கிடப்பதால் பெரிதாகக் கெடாது. அமுங்கி, விரிந்து, மறுபடி அமுங்குவதுதான் அதைத் தின்னும். பொழுதானால் தோட்டாவை நிரப்பித் தலையணைக்கு அடியில் வைப்பது, விடிந்ததும் பிள்ளைகளுக்குப் பயந்து காலி செய்வது, மலைக்குக் கிளம்பும்போது மறுபடி நிரப்புவது என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றாலும் வருஷத்துக்கு எழுநூறைத் தாண்டும். ஒரு குண்டுகூடச் சுடாமல்! போர்க்கால அவசரத்தில் செய்த ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே தரத்தில் இருந்திருக்கும் என்று நம்பவும் முடியாது.

இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் குழலுக்குள் போய் வருவது அதே மேல் தோட்டாதான். கொக்கி கடித்துக் கடித்து அதன் விளிம்பு பிய்யும். குழல் வாயில் மோதி மோதி ஈயத்தலை கூட்டுக்குள் கொஞ்சம் இறங்கும். அப்படி இறங்கிய தோட்டாவைச் சுட்டால் உள்ளே அழுத்தம் எகிறும். காப்பாற்றும் என்று நம்பி ஏற்றுகிற முதல் தோட்டாவே அந்தப் பெட்டியில் மோசமான தோட்டாவாக ஆகிக்கொண்டிருந்தது.

பிறகு மலைக் காற்று. தானா ராத்தா கிட்டத்தட்ட 1,400 மீட்டர் உயரம். வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குளிர்ந்த இரும்பை இடுப்பில் கட்டிக்கொண்டு 60 கிலோமீட்டர் இறங்கி தாப்பாவின் புழுக்கத்துக்குள் போனால், ஐஸ் தண்ணி கிளாஸ் வேர்ப்பதுபோல துப்பாக்கி வேர்க்கும். கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்கின் உள்வளைவில்தான் அந்த ஈரம் நிற்கும். தோல் உறையில் விட்டால் இன்னும் மோசம். பதப்படுத்திய தோலில் உள்ளது பித்தளையைப் பச்சையாக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துருவுக்குப் பயந்து மேல்மேலே எண்ணெய் ஊற்றுவார்கள். பழைய எண்ணெய் குளிரில் பிசின் மாதிரி ஆகிக் கொக்கியை ஒட்டவைக்கும். துரை ஊற்றியது சமையல் எண்ணெயா மெஷின் எண்ணெயா என்று தாத்தாவுக்கு இருந்த சந்தேகம் கடைசிவரை தீரவில்லை.

காட்டுக்குள் இருந்தவர்களின் பாடு இதைவிட மோசம். ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட மக்கள் படை 1945 டிசம்பரில் கலைக்கப்பட்டபோது 5,497 ஆயுதங்களைத் திருப்பிக் கொடுத்தது. பிரிட்டிஷார் அதற்குக் கொடுத்திருந்ததே 4,765தான். கணக்கு நேராக இருப்பதுபோலத் தோன்றும். ஜப்பானியரிடமிருந்தும், தோற்று ஓடிய படைகளிடமிருந்தும் கிடைத்தவை எத்தனையோ மண்ணுக்குள் போயிருந்தன. மூன்று வருஷம் கழித்துத் தோண்டி எடுத்தவை அவைதான். ஜப்பானிய அதிகாரிகள் வைத்திருந்த நம்பு 14 என்ற துப்பாக்கியின் உறையில் ஒரு சின்னப் பை இருக்கும், உள்ளே மாற்று ஊசி. தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிற ஊசி அது. ஊசிக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் ஆயுசு குறைவு என்று செய்தவனுக்கே தெரிந்திருக்கிறது. ஜப்பான் சரணடைந்த பிறகு அதன் 8 மில்லிமீட்டர் தோட்டாவும் இங்கே புதிதாக வர வழியில்லை. மாற்று ஊசி இருந்தும் தோட்டா இல்லை என்ற நிலை.

தாத்தா கதைக்கு வருகிறேன். துரை துப்பாக்கியை ஆலைக்கே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தாத்தா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கடுதாசி இல்லாம தொட மாட்டேன் துரை."

துரைக்குக் கோபம் வந்ததாம். கிராணி நடுவில் புகுந்து விளக்கினார். அவசரகால விதிகளின்படி அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. அது வேலை செய்கிறதா, ஸ்பிரிங் போனதா என்பதெல்லாம் லயத்து ஆள் பிடிபடும்போது யார் பார்க்கப்போகிறார்கள்? தோட்டத்து ஆள்களுக்கு இதைச் சட்டப் புத்தகம் சொல்லித் தரவில்லை, கணபதி சொல்லித் தந்திருந்தார். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, தஞ்சாவூர்ப் பக்கத்தவர், கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு தலையிட்டும் நிற்கவில்லை. அதற்கு முந்தைய நாள்தான் சங்கத்தில் அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தப்பித்த ஒருவரும் உண்டு. சாம்பசிவம். ஜொகூரில் 1948-ல் பிடிபட்டவர். துப்பாக்கி ஏந்தியது ஒரு குற்றச்சாட்டு, பத்துத் தோட்டா வைத்திருந்தது இன்னொன்று. முதல் விசாரணையில் அசெசர்கள் இருவரும் இரண்டிலுமே குற்றமில்லை என்றார்கள். நீதிபதி தோட்டாவில் மட்டும் விடுவித்து, துப்பாக்கிக்கு மறுவிசாரணை வைத்தார். மறுவிசாரணையில் மரண தண்டனை. லண்டனில் பிரிவி கவுன்சில் 1950-ல் அதை ரத்து செய்தது. தோட்டாவும் வைத்திருந்தேன் என்று சொல்லும் வாக்குமூலத்தைக் காட்டிவிட்டு, அந்தக் குற்றச்சாட்டில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதைப் புதிய அசெசர்களுக்குச் சொல்லாமல் விட்டது தவறு என்பது தீர்ப்பின் சாரம். இன்றைக்கும் பல நாட்டுச் சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். என் தாத்தாவுக்கு இவர் பெயர் தெரியாது. கணபதியைத் தெரியும். தூக்கில் போட்ட செய்தி மலையேறி வந்துவிடும், லண்டன் தீர்ப்பு வராதுபோல.

துரை கடுதாசி கொடுத்தார். டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியின் எண்ணோடு. அதன் பிறகும் துரை பக்கத்திலேயே நிற்க வேண்டும், தோட்டாக்கள் துரையின் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பது தாத்தாவின் நிபந்தனை.

அவர் பார்த்த விதம்தான் எனக்குப் பிடித்தது. இலை சுருட்டும் ரோலரில் சத்தம் வந்தால் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே என்பது அவர் பாடம். துரையிடம் இரண்டு மேகசின் இருந்தது. ஒன்றின் அடியில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்தார். ஆலைக்குப் பின்னால் பள்ளத்தைப் பார்த்து துரை சுட வேண்டும். அதற்கு முன்னால் கங்காணி லயம் லயமாகப் போய் "துரை சும்மா சுட்டுப் பாக்கறாரு, யாரும் ஓடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்படியும் இரண்டு பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்களாம்.

சிக்கல் புள்ளி வைத்த மேகசினோடு போனது. அப்படியென்றால் கோளாறு துப்பாக்கியில் இல்லை, மேகசினில். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் நிறுத்தியபோது இரண்டு விரல் குட்டை. வாய் விளிம்பில் ஒரு பக்கம் அடிபட்டு விரிந்திருந்தது. எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. நல்ல மேகசினிலும் எப்போதாவது ஒன்று மாட்டியது. அது கொக்கிப் பள்ளத்து எண்ணெய்ப் பிசின். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் போய்விட்டது.

ஸ்பிரிங் கம்பி ஆலையில் இருந்தது. சுற்றிக் கொடுத்திருக்கலாம். தாத்தா செய்யவில்லை. கடுதாசியில் 'பார்த்துத் தர' என்றுதான் இருந்தது, 'செய்து தர' என்று இல்லை. "அந்த மேகசினை விட்டெறிங்க, ஈப்போவில வேற வாங்குங்க" என்று சொல்லி, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். மேல் தோட்டாவை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இதைப் போடாதீங்க என்றாராம். அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

துரை ஒரு டின் சிகரெட் கொடுத்தார். தாத்தா புகைக்க மாட்டார், கிராணிக்குப் போனது.

அந்தக் கடுதாசி எங்கள் வீட்டில் வெகுகாலம் இருந்தது. 1960-ல் அவசரகாலம் முடிந்தது, துரை ஊருக்குப் போனார், தோட்டத்துக்கு வேறு மேனேஜர் வந்தார், தாத்தா ரிட்டயர் ஆனார். அடையாள அட்டைக்குப் பின்னால் நாலாக மடித்து வைத்திருந்தார். மடிப்பு கிழிந்து துப்பாக்கி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் காணாமல் போயிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருநாள் அதை எடுத்துக் காட்டி, இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தேதியையும் வாசி என்றார். தேதி இருந்த இடம் அழிந்திருந்தது. "அப்ப செல்லாதே" என்றார் தாத்தா.