சாத்தும் நேரம்

பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் வளாகம் சுமார் 1,300 ஏக்கர். 1916இல் தொடங்கிய அதன் வரலாற்றை வாசிக்கும்போது நான் கட்டடங்களைவிடக் கடிகாரத்தைத்தான் தேடுகிறேன். விடுதி வாசலைச் சாத்தும் நேரம் ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு வேறொன்று.

2017 செப்டம்பர் 21 மாலை, வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் சீண்டலுக்கு ஆளானார். புகார் சொன்னவரிடம், “அந்நேரத்தில் வெளியே என்ன வேலை?” என்று கேட்கப்பட்டதாக மாணவிகள் கூறினார்கள். அந்நேரமாம்! மாலை ஆறு மணியை ஒட்டிய பொழுது அது.

மறுநாள் அவர்கள் சிங் துவார் எனப்படும் பிரதான வாயிலில் உட்கார்ந்தார்கள். தெருவிளக்கு கேட்டார்கள், பாதுகாப்பு கேட்டார்கள். 23ஆம் தேதி இரவு தடியடி நடந்தது. தசரா விடுமுறையை முன்கூட்டியே அறிவித்து அனைவரையும் ஊருக்கு அனுப்பினார்கள். அந்த மாத முடிவுக்குள், அங்கே முதன்முறையாக ஒரு பெண் தலைமை ப்ராக்டர் ஆனார். விடுதி நேரச் சண்டை அதோடு முடியவில்லை.

நானும் விடுதியில் இருந்தவள்தான், வேறொரு ஊரில். ஆறரை மணி வருகைப் பதிவுக்காக, பாதி படித்த புத்தகத்தை நூலக மேசையிலேயே கவிழ்த்துவைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். மூன்று வருடங்கள். வாசலில் உட்காரலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.