பிரெஞ்சு பாலிஷும் ஒரு பழைய கோப்பும்

என் பேரன் சொந்தக் கையால் ஒரு கிதார் செய்தான். பின்பலகை ஈட்டி மரம், முன்பலகை வெளிநாட்டு ஸ்ப்ரூஸ். வேலை முடிந்து வந்து, இரவு இரவாக எட்டு மாதம் இழைத்தான். ஐப்பசியில் பாலிஷ் பூச ஆரம்பித்தான். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் முன்பலகை முழுக்க வெள்ளைப் படலம். தேய்த்து எடுத்துவிட்டு, மழை விட்டபின் மறுபடி பூசினான். இந்தத் தடவை வெளுக்கவில்லை. ஆனால் பத்து நாளாகியும் காயாமல், தொட்டால் விரல் ரேகை பதிந்தது.

எங்கள் தெருவில் கட்டில், பீரோ செய்யும் ஆசாரி வந்து பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மழை ஈரத்துல போட்டா வெளுக்காம என்ன பண்ணும்? அரக்கை எப்பக் கரைச்சு வெச்சீங்க?"

"போன வருசம்ண்ணா."

"அப்பறம் எப்படிங்க காயும்?"

இரண்டு தோல்விக்கும் காரணம் அதிலேயே இருந்தது. இந்தப் பாலிஷ் என்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, அவ்வளவுதான். ஸ்பிரிட் ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்ந்துபோகும். மழைக்காலமென்றால் காற்றிலுள்ள ஈரம் அங்கே படியும். அரக்கு ஸ்பிரிட்டில்தான் கரையும், நீரில் கரையாது. நீர் சேர்ந்ததும் பிரிந்து வெள்ளையாக நிற்கும். கரைத்து மாதக்கணக்கில் வைத்தாலோ, அரக்கும் ஸ்பிரிட்டும் மெல்ல வினைபுரிந்து, அரக்கு இறுகும் குணத்தை இழந்துவிடும்.

இதற்கு 'பிரெஞ்சு பாலிஷ்' என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, இந்தப் பெயரை முதன்முதலில் ஓர் அரசு விதிப் புத்தகத்தில் பார்த்தபோது வியப்பாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது 'வெர்னி ஓ தாம்போன்', அதாவது துணிப்பொட்டலத்தால் பூசும் வார்னிஷ். 'பிரெஞ்சு' என்று பெயர் சூட்டியவர்கள் ஆங்கிலேயர்கள். பொருளோ நம்முடையது.

புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரப்பதுதான் அரக்கு. பாரதத்தின் அரக்கு மாளிகையை அறியாதவர் யார்? 17ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முதலில் அதிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்துத் துணிக்கு ஏற்றுவார்கள். மிஞ்சிய பிசின் மரச்சாமான் பூச்சுக்கும் முத்திரை அரக்குக்கும் போகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரசாயனச் சாயங்கள் வந்ததும் அரக்குச் சாயத்தின் வியாபாரம் படுத்தது, பிசின்தான் முக்கியச் சரக்கு ஆனது. சாயப்பட்டறை ஊரான திருப்பூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 78 சுற்று இசைத்தட்டும் இந்த அரக்கில் செய்ததுதான். 1924இல் ராஞ்சி அருகே அரக்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது.

கிதாருக்கு ஏன் இந்தப் பூச்சு? ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817-1892) இன்றைய கிதாருக்கு வடிவம் தந்தவர். முன்பலகையின் அதிர்வுதான் ஒலி என்று காட்ட, 1862இல் பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையில் செய்து ஒரு கிதார் கட்டினார். அந்தப் பலகைமேல் தடித்த வார்னிஷ் ஏறினால் ஒலி மங்கும். அரக்குப் பூச்சை மெல்லியதாகப் போட முடியும்.

இனி அந்த விதிப் புத்தகத்துக்கு வருகிறேன். சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் 1937இல் வந்தது. ராஜாஜி முதலில் சேலம் மாவட்டத்தில் அமல்படுத்தினார். 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. சாராயம் கிடைக்காதவர்களில் சிலர் வார்னிஷைக் குடிக்கத் தொடங்கினார்கள். அதில் தண்ணீர் ஊற்றினால் அரக்கு பிரிந்துவிடும், வடிகட்டிக் குடிப்பார்கள். பேரனின் கிதாரை வெளுக்கவைத்த அதே நீர், அதே வேலை! அந்த ஸ்பிரிட்டில் மெத்தில் ஆல்கஹால் இருந்தால் கண் போகும், உயிரும் போகும். ஆகவே 1959இல் இயல்பு மாற்றிய ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்குத் தனி விதிகள் வந்தன. விதிகளின் பெயரிலேயே, அடைப்புக்குறிக்குள், 'பிரெஞ்சு பாலிஷ்' இருந்தது. உரிமம், அளவு, கணக்குப் புத்தகம் எல்லாம் வேண்டும்.

1971இல் மதுவிலக்கு தளர்ந்து, 1974இல் மறுபடி இறுகியது. அதற்குச் சற்றுப் பின்னால் நான் ஓர் அலுவலகத்தில் இளநிலை எழுத்தர். ஆர்மோனியமும் கிதாரும் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் ஸ்பிரிட் உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். கடை வாடகைச் சீட்டு இணைக்கவில்லை என்று நான்தான் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறை வேறொரு குறை, மறுபடி திருப்பினேன். மூன்றாம் முறை அவர் கையில் தாள் இல்லை. வெள்ளை பூத்த ஒரு கிதார் இருந்தது. திருட்டுத்தனமாக விற்ற ஸ்பிரிட்டை வாங்கிப் பூசியிருக்கிறார், அதில் தண்ணீர் கலந்திருந்தது.

"குடிக்கிறவனுக்குக் கெடைக்குதுங்க சார். பூசறவனுக்குத்தான் கெடைக்க மாட்டேங்குது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதே வாரம், வார்னிஷ் குடித்துப் பார்வை இழந்த ஒருவரைப் பற்றிய அறிக்கையும் என் மேசைக்கு வந்தது. விதி தவறு என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாடகைச் சீட்டை, அவரை எதிரே உட்காரவைத்து ஒரே தடவையில் கேட்டு வாங்கியிருக்கலாம். பிறகு அவர் வரவேயில்லை.

தை பிறந்து காற்று உலர்ந்ததும் பேரன் பழைய பூச்சு முழுவதையும் எடுத்தான். புது அரக்கை அன்றன்று தேவைக்கு மட்டும் கரைத்தான். துணிப்பொட்டலத்துக்கு என் பழைய பனியனைக் கேட்டான். பலமுறை துவைத்ததில்தான் நூல் பிசிறு உதிராதாம். ஊரே பனியன் ஊர், கொடுத்தேன். மூன்று வாரம் பொறுமையாகப் பூசினான். இப்போது கண்ணாடிபோல மின்னுகிறது.

முதல் தந்தியை அவன் மீட்டியபோது வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த வெளுத்த கிதார்தான் நினைவுக்கு வந்தது.